பழைய பிக்கப் வண்டி: மீட்பதா, மாற்றுவதா?

பழைய வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால் அநேகமாக எல்லோரும் "ரிஸ்டோர் செய்துகொண்டிருக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தால் என்ஜின் வேறு கம்பெனியுடையது, சீட் வேறு காரிலிருந்து வந்தது, சக்கரம் புதிய அலுமினியம். அது நல்ல வேலையாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பெயர் ரிஸ்டோரேஷன் அல்ல, கஸ்டமைஸிங். முன்னதை மீட்டமைத்தல் என்றும் பின்னதை மாற்றியமைத்தல் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் செலவு வேறு, கைத்திறன் வேறு, சட்டத்தின் பார்வையும் வேறு. எதைச் செய்கிறோம் என்று தீர்மானிக்காமல் ஸ்பானரைக் கையில் எடுத்து, பாதியில் பணம் தீர்ந்து, பிரித்துப் போட்ட வண்டி காயலான் கடைக்குப் போன கதைகள் ஏராளம்.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலம் கழித்தவனுக்கு மோட்டார் வண்டியில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு இரண்டு முறை போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் 1951ஆம் வருஷத்து ஷெவர்லே பிக்கப் ஒன்றை ஷெட்டில் பிரித்துப் போட்டிருந்தார். பேச்சுத் துணைக்குப் போனவன், பிறகு தினமும் கையில் எண்ணெய்த் துணியோடு போய் நின்றேன். அண்மையில் இங்கே கரக்பூரில் ஒரு குடும்பத்துக்கு இதே விஷயமாக யோசனை சொல்ல வேண்டி வந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பிக்கப்பின் பூர்வீகம்

பிக்கப் என்பது முன்னால் இரண்டு மூன்று பேர் உட்காரும் அறை, பின்னால் திறந்த தொட்டி. அமெரிக்க விவசாயி வைக்கோலும் கன்றுக்குட்டியும் ஏற்றிப் போக வாங்கிய வண்டி. இன்று அங்கே மிகவும் போற்றப்படும் பழைய பிக்கப்புகள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவை. ஷெவர்லே 1947இல் 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையைக் கொண்டுவந்தது; அது 1955ஆம் வருஷத் தொடக்கம் வரை ஓடியது. ஃபோர்டு 1948இல் எஃப்-1 என்ற வண்டியோடு இன்றுவரை தொடரும் எஃப் வரிசையைத் தொடங்கியது. 1953இல் அது எஃப்-100 ஆயிற்று.

நம் நாட்டுக்கும் இதில் கொஞ்சம் உறவு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாய் சிவ்ரியில் ஷெவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கிவிட்டது. ஃபோர்டும் இங்கே வண்டி பூட்டியது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்தபின் 1950களின் முதற்பாதியில் இரண்டும் கடையை மூடின. அதன் பிறகு நம்மவர்களுக்குப் பிக்கப் என்றால் மஹிந்திராவின் ஜீப் வம்சம்தான்.

மீட்டமைத்தல் என்றால் என்ன?

தொழிற்சாலை வாசலைத் தாண்டி வந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ, அந்த நிலைக்குக் கொண்டுவருவதே மீட்டமைத்தல். பளபளப்பு இதில் இரண்டாம்பட்சம். அந்தக் காலத்தில் வேலைக்கார வண்டிக்கு அடித்த பெயிண்ட் கண்ணாடி போல இருந்ததில்லை. இன்று மீட்டமைக்கப்பட்டவை சில, பிறந்தபோது இருந்ததைவிட அழகாக இருக்கின்றன. கறாராகப் பார்த்தால் அதுவும் ஒரு பிழையே.

முழுமையாகச் செய்வதானால் கேபினையும் தொட்டியையும் கழற்றி, சேஸிஸைத் தனியாக எடுத்து, துரு நீக்கி, அளவு பார்த்து, அங்கிருந்து மேலே கட்டிக்கொண்டு வர வேண்டும். துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பது இவ்வண்டிகளில் தெரிந்த விஷயம்: கேபினின் பின் மூலைகள், கால் வைக்கும் தகடு, தரை. சேறு தங்கும் இடமெல்லாம் துரு. பட்டி பூசி மறைத்தால் இரண்டே மழையில் உண்மை வெளியே வரும். அழுகிய தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி. ஷெவர்லேயின் தொட்டியில் தரை மரப்பலகை. இடையிடையே இரும்புப் பட்டை. அதையும் பலகையாகவே போட வேண்டும்.

என்ஜினைப் பிரித்தபோதுதான் எனக்குப் பழைய நண்பனைக் கண்டதுபோல் இருந்தது. அந்த 1951 வண்டியில் இருந்தது ஆறு சிலிண்டர், 216 கன அங்குலம், அதாவது சுமார் மூன்றரை லிட்டர், 92 குதிரை சக்தி என்ஜின். அதன் கனெக்டிங் ராடுகளில் தனியாகக் கழற்றி மாட்டும் பேரிங் கிடையாது. ஒயிட் மெட்டலை உருக்கி நேராக ராடிலேயே ஊற்றி, லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எண்ணெயும் பம்ப் அழுத்தத்தில் அங்கே போவதில்லை; ராடின் அடியில் கரண்டி போன்ற ஒரு மூக்கு, எண்ணெயை வாங்கிக்கொண்டே சுழலும். நம் ரயில்வேயில் ரோலர் பேரிங் வருமுன் வாகன்களின் ஆக்ஸில் பாக்ஸில் இருந்ததும் இதே ஒயிட் மெட்டல்தான். எண்ணெய் குறைந்தால் சூடேறி உருகிவிடும். 'ஹாட் ஆக்ஸில்' என்ற சொல்லைக் கேட்டாலே ஸ்டேஷன் முழுக்க ஓடும். எனவே அந்த அமெரிக்கர் "இந்த என்ஜினை விரட்டினால் தாங்காது" என்று சொன்னபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒயிட் மெட்டல் ஊற்றத் தெரிந்த கைகள் அமெரிக்காவிலும் இன்று குறைவு. மீட்டமைப்பதில் பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு இந்தக் கைகள்தான்.

இன்னொரு சிறு விஷயம், பலரை ஏமாற்றுவது. அந்தக் கால ஷெவர்லேயில் பேட்டரி 6 வோல்ட். 60 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் இரட்டித்தால் அதே ஒயரில் வீணாகும் சக்தி நான்கு மடங்கு. இது தெரியாமல் இன்றைய மெல்லிய ஒயரை 6 வோல்ட் வண்டிக்குப் போட்டுவிட்டு, "விளக்கு மங்குகிறது, செல்ஃப் இழுக்கவில்லை, பழைய காலத்து டிசைனே மோசம்" என்பார்கள். மோசம் டிசைனில் இல்லை.

மாற்றியமைத்தல் என்றால் என்ன?

வண்டியின் தோற்றத்தையோ அதில் ஒரு பகுதியையோ வைத்துக்கொண்டு மற்றதை நம் விருப்பப்படி செய்துகொள்வது மாற்றியமைத்தல். போருக்குப் பின் கலிபோர்னியா இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய வண்டிகளில் பெரிய என்ஜினைப் பூட்டி, காய்ந்த ஏரிப் படுகைகளில் பந்தயம் விட்டார்கள். அந்தப் பழக்கத்தின் வாரிசுதான் இன்றைய கஸ்டம் பிக்கப். கூரையை வெட்டித் தாழ்த்துவது, கைப்பிடிகளை நீக்கி வழவழப்பாக்குவது, வண்டியையே தரையோடு தரையாக இறக்குவது என்று இதில் ஒரு தனிக் கலை வளர்ந்திருக்கிறது. அதை மட்டமாகப் பேசுவது சரியல்ல. நல்ல கஸ்டம் வேலையில் நல்ல என்ஜினியரிங் உண்டு.

காரணமும் நியாயமானதே. பழைய அரை டன் ஷெவர்லேயின் பின் ஆக்ஸில் விகிதம் 4.11. என்ஜின் 4.11 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. சுமை இழுக்க அருமை. நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் என்ஜின் அலறும். சுற்றிலும் எல்லோரும் 110இல் போகும் சாலையில் இது ஒரு சங்கடம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

ஆனால் வண்டி என்பது தனித்தனிச் சாமான்களின் மூட்டை அல்ல. ஒன்றை இழுத்தால் இன்னொன்று கூடவே வரும். பெரிய வி-8 என்ஜின் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சூட்டுக்குப் பழைய ரேடியேட்டர் போதாது. அதன் இழுவைக்குப் பழைய கியர்பாக்ஸ் தாங்காது. புது கியர்பாக்ஸ் வைத்தால் பின்னால் போகும் ஷாஃப்ட் பொருந்தாது. ஏனென்றால் அந்த ஷெவர்லேயில் அது ஒரு மூடிய குழாய்க்குள் ஓடி, பின் ஆக்ஸிலோடு ஒரே உறுப்பாகச் சேர்ந்திருக்கிறது. ஆகவே பின் ஆக்ஸிலும் போயிற்று. வேகம் கூடியதால் பிரேக் போதாது. முன்னால் இருப்பது ஒரே தண்டாக ஐ-பீம் ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங். வேகத்தில் வளைவுகளில் திருப்தியில்லை. எனவே பலர் ஃபோர்டின் 1970களின் 'முஸ்டாங் 2' காரில் வந்த மாதிரியில் செய்த தனித்தனி சஸ்பென்ஷனை வெல்டிங் செய்கிறார்கள். கடைசியில் மிஞ்சுவது பழைய கேபினும் பெயர்ப் பலகையும். சிலர் சேஸிஸையே மாற்றி, எஸ்-10 என்ற பிற்காலச் சின்னப் பிக்கப்பின் சேஸிஸில் பழைய உடம்பை உட்கார வைக்கிறார்கள்.

இந்தச் சங்கிலியை முதலிலேயே காகிதத்தில் எழுதிக் கணக்குப் பார்ப்பவர் வெற்றி பெறுகிறார். "முதலில் என்ஜினை மாற்றுவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்பவரின் வண்டிதான் பாதியில் நிற்கிறது. அல்லது அதைவிட மோசமாக, புது என்ஜினோடும் பழைய பிரேக்கோடும் ஓடுகிறது.

வேகமும் பிரேக்கும்

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 80இல் போன வண்டி 110இல் போனால் வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கு சொச்சம். பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய இரு மடங்கு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் கொண்ட பழைய வண்டி இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடேறி, பிடிப்பு தளர்ந்துவிடும்.

அதைவிட முக்கியம், அந்தக் கால வண்டிகளில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. எங்கேனும் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக இரட்டைச் சுற்று அமெரிக்காவில் 1960களின் பிற்பாதியில்தான் கட்டாயமாயிற்று. ரயில்வேயில் வளர்ந்தவனுக்கு இது உறுத்தும். எங்கள் பிரேக்கின் அடிப்படையே, குழாய் அறுந்தால் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும் என்பது. எனவே சாலையில் ஓட்டப்போகும் பழைய வண்டிக்கு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் வைப்பதை நான் மாற்றியமைத்தல் என்று குறை சொல்லமாட்டேன். போல்ட்டில் மாட்டுவது, வேண்டும்போது கழற்றிவிடலாம். பழையதை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்தால் ஆயிற்று.

பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. நனைத்துத் துடைக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். முகமூடி இல்லாமல் தேய்க்க வேண்டாம். இன்று பெட்ரோலில் கலக்கும் எதனால் பழைய ரப்பர் ஹோஸ்களை உப்பச் செய்து வெடிக்க வைக்கும். அவற்றை மட்டும் முதலிலேயே புது ரகத்துக்கு மாற்றிவிடுவது வீடு தீப்பற்றாமல் இருக்க நல்லது.

நடு வழி

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை உண்டு. வெளியே பார்த்தால் அசல், உள்ளே புதுக் கால இயந்திரம். இதற்கு அமெரிக்கர் 'ரெஸ்டோமாட்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். 2021இல் ஃபோர்டு கம்பெனியே 1978ஆம் வருஷ எஃப்-100 ஒன்றில் மின்சார மோட்டார்களைப் பொருத்திக் கண்காட்சியில் வைத்தது. இன்னொரு கூட்டம், பெயிண்டே அடிக்காமல், வெயிலில் மங்கிய நிறத்தையும் கதவில் பாதி அழிந்த பண்ணைப் பெயரையும் அப்படியே காத்து, இயந்திரத்தை மட்டும் சரி செய்கிறது. எனக்கு இவர்களைத்தான் மிகவும் பிடித்தது. பெயிண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். எழுபது வருஷ வெயிலை யாரும் அடித்துத் தர முடியாது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு உறுப்புக்கும் மூன்று அளவு உண்டு. புதிதாக இருக்க வேண்டிய அளவு, ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே போகும்போது இருக்க வேண்டிய அளவு, இதற்குக் கீழே போனால் தூக்கிப்போடு என்ற 'கண்டெம்னிங்' அளவு. நடுவில் உள்ள உறுப்பை அழகுக்காக மாற்றமாட்டோம். எல்லையைத் தாண்டியதைப் பாசத்துக்காக வைக்கவுமாட்டோம். 1855இல் லீட்ஸ் நகரில் கட்டிய நம் 'ஃபேரி க்வீன்' நீராவி என்ஜின், ஒரு காலத்தில் ஹவுராவிலிருந்து ராணிகஞ்சுக்கு ஓடியது. நெடுங்காலம் காட்சிப் பொருளாக நின்று, 1997இல் மீண்டும் பயணிகளை இழுத்தது. நிற்கும்போது அதில் எதையும் தொடாமல் இருப்பது பெருமை. நீராவி ஏற்றி மனிதரை இழுக்கும்போது பாய்லர் சோதனையில் தேறித்தான் ஆக வேண்டும். அங்கே பழமைக்குச் சலுகை இல்லை. பிக்கப்புக்கும் இதே நியாயந்தான்.

நம் நாட்டுச் சட்டம்

அமெரிக்காவில் வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டும் அளவுக்கு இங்கே இடமில்லை. 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அங்கீகாரம் பெற்ற கிட் கொண்டு எரிபொருளை மாற்றுவது போன்ற சில விலக்குகள் உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதிகளை வெளியிட்டது. ஐம்பது ஆண்டு தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வண்டிகளுக்கும் நான்கு சக்கரப் பயணி வண்டிகளுக்கும் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். முக்கியமான நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், உடம்பு, என்ஜின் ஆகியவற்றில் மாறுதல் செய்திருக்கக் கூடாது. அதாவது இன்று சேஸிஸில் வைக்கும் ஒரு வெட்டு, நாளை அந்த வண்டியை இந்தப் பட்டியலிலிருந்தே வெட்டிவிடும். சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப்புக்கு இது பொருந்துமா என்பதை ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கரக்பூர் வண்டி

நான் குறிப்பிட்ட குடும்பத்திடம் இருப்பது 1960களின் கடைசியில் வந்த மஹிந்திரா எஃப்.சி.150 பிக்கப். டிரைவர் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்காரும் மூக்கில்லாத வண்டி. ஜீப்பின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். மறைந்த குடும்பத் தலைவர் அதில்தான் கோல் பஜாருக்குக் காய்கறி மூட்டை ஏற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பையன் இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். "மாமா, இதில் டீசல் என்ஜின், பவர் ஸ்டீயரிங், ஏசி எல்லாம் போட்டு அப்பா ஞாபகமாக ஓட்டப்போகிறேன்" என்றான். கராஜில் எஸ்டிமேட்கூட வாங்கிவிட்டான். அவன் அம்மா அதிகம் பேசவில்லை. "என்னவோ செய்யட்டும் அண்ணா. அவர் கைபட்டுத் தேய்ந்த அந்த ஸ்டீயரிங் வீலை மட்டும் எடுத்துடாதீங்க" என்றார்.

நான் பையனிடம் கேட்டது ஒன்றே: "இதை எவ்வளவு தூரம் ஓட்டப்போகிறாய்?" யோசித்துவிட்டு, வருஷத்துக்கு நாலு நாள் வந்தால் ஊருக்குள் ஓட்டுவேன் என்றான். நாலு நாளுக்கு டீசல் என்ஜின் எதற்கு? பழைய என்ஜினில் கம்ப்ரெஷன் பார்த்தோம். நான்கிலும் ஒரே சீராக இருந்தது. கண்டெம்னிங் அளவு வரவே இல்லை. ஸ்டீயரிங் பாக்ஸில் ஆட்டம் அதிகம். அதைப் பிரித்து பேரிங் மாற்ற வேண்டும். மேலே உள்ள வீல் அப்படியே இருக்கலாம். பிரேக்கும் ஒயரிங்கும் எரிபொருள் ஹோஸும் புதிது. கராஜ்காரர் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பையன் ஒத்துக்கொண்டான். அம்மா உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார்.

வேலை தொடங்குமுன்

இப்படி ஒரு வண்டி வீட்டில் இருக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள்:

1. எதற்காக, எவ்வளவு தூரம் ஓட்டப்போகிறோம் என்பதை முதலில் எழுதி வையுங்கள். தினசரி ஓட்டவா, ஊர்வலத்துக்கா, ஞாபகத்துக்கா? விடை மாறினால் வேலையும் மாறும்.

2. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். பெயிண்ட் தேய்க்கும்போது எண் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. பிரிக்குமுன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு போல்ட்டும் எங்கிருந்து வந்தது என்று சீட்டு கட்டி வையுங்கள்.

4. வண்டி முழுதாகவும் அசலாகவும் இருந்தால் மீட்டமையுங்கள். என்ஜின் எங்கோ போய், உடம்பு பாதிதான் மிஞ்சியிருந்தால், சட்டம் இடம் தரும் அளவுக்கு மாற்றியமைப்பதில் குற்றமில்லை. காயலான் கடைக்குப் போவதைவிட அது மேல்.

5. மாற்றுவதாக இருந்தால், போல்ட்டில் மாட்டும் மாற்றம் நல்லது. வெட்டி வெல்டிங் செய்யும் மாற்றத்துக்கு ஆயிரம் முறை யோசியுங்கள். கழற்றியதை எடைக்குப் போடாதீர்கள்.

6. பிரேக், ஸ்டீயரிங், டயர், எரிபொருள் குழாய் இந்த நான்கிலும் பழமை பார்க்க வேண்டாம்.

அடுத்து வருபவர் நாம் செய்ததை மறுபடி பிரித்துப் பார்ப்பார் என்ற நினைவோடு வேலை செய்ய வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் எங்கள் பழைய மிஸ்திரிகள் சொல்வார்கள். வண்டியின் வயது நம்முடையதைவிட நீளம். நம் கையில் அது இருப்பது கொஞ்ச காலம்தான். அந்தக் கொஞ்ச காலத்தில் அடுத்தவருக்கு வழியை அடைக்காமல் இருந்தால் போதும்.